பழைய ரேடியல் ஆர்ம் ரம்பத்துக்கு எந்த பிளேடு? வாசகர் கேள்வி–பதில்

அமெரிக்காவில் வீட்டுப் பட்டறை வைத்திருக்கும் வாசகர்கள் சிலர் எழுதிய கடிதங்கள் ஒரே இயந்திரத்தைப் பற்றியவையாக அமைந்துவிட்டதால், இம்முறை பகுதி முழுவதையும் ரேடியல் ஆர்ம் ரம்பத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம். மேசைக்கு மேலே நீண்டிருக்கும் இரும்புக் கையில் மோட்டார் தொங்கும். அதன் ஷாஃப்டிலேயே வட்ட பிளேடு மாட்டப்பட்டிருக்கும். மரம் அசையாமல் கிடக்க, மோட்டாரும் பிளேடும் அந்தக் கையின் நெடுக முன்னும் பின்னும் ஓடும். நியூ ஜெர்சி மாநிலத்தின் பிரிட்ஜ்டன் ஊரில் 1922ஆம் ஆண்டு ரேமண்ட் டிவால்ட் உருவாக்கிய இந்த இயந்திரம், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அமெரிக்க வீடுகளின் கராஜுகளிலும் மரக்கடைகளிலும் பரவலாக இடம்பிடித்தது. பின்னர், பிளேடைப் பின்னுக்குத் தள்ளி அறுக்கும் ஸ்லைடிங் மைட்டர் ரம்பம் வந்து அதன் இடத்தை எடுத்துக்கொண்டதால், பழையவை இன்று மிகக் குறைந்த விலைக்குக் கைமாறுகின்றன. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் தடுமாறும் இடம் பிளேடுதான்.

கேள்வி: நியூ ஜெர்சியில் ஒரு வீட்டில் பழைய சாமான்களை விற்றபோது, 10 அங்குல ரேடியல் ஆர்ம் ரம்பம் ஒன்றை வாங்கினேன். அதிலிருந்த பிளேடு துருவேறிக் கிடந்ததால், என் டேபிள் ரம்பத்தில் இருந்த 24 பல் கார்பைடு (மிகக் கடினமான முனை ஒட்டிய) பிளேடைக் கழற்றி இதில் மாட்டினேன். பிளேடு புதியது, நல்ல கூர். ஆனால் ஓக் பலகையைக் குறுக்கே அறுக்கும்போது மோட்டார் தானாகவே என்னை நோக்கிப் பாய்ந்து வந்து, பாதி வெட்டில் முனகி நின்றுவிடுகிறது. குற்றம் பிளேடிலா, இயந்திரத்திலா?

பதில்: பிளேடில். அதன் கூரில் குறையில்லை. பல் சாய்ந்திருக்கும் கோணம்தான் இந்த இயந்திரத்துக்கு ஒவ்வாதது. அந்த பிளேடை இன்றே கழற்றிவிடுங்கள்; வேறு பிளேடு கைக்கு வரும்வரை இயந்திரத்தை ஓட்ட வேண்டாம்.

ஏன் இப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், பிறகு எந்தக் கடையில் எந்த பிளேடைப் பார்த்தாலும் நீங்களே முடிவு செய்ய முடியும். டேபிள் ரம்பத்தில் பிளேடு ஒரே இடத்தில் சுழல்கிறது, நாம் மரத்தை அதை நோக்கித் தள்ளுகிறோம். பற்கள் மரத்தை நம் பக்கமாகத் திருப்பித் தள்ளப் பார்க்கின்றன, நம் கை அதை எதிர்த்து முன்னேறுகிறது. ரேடியல் ஆர்ம் ரம்பத்தில் நிலைமை நேர்மாறு. பிளேடின் அடிப்பக்கப் பற்கள் நம்மை விட்டு விலகி, பின்னால் உள்ள தடுப்புக் கட்டையை நோக்கி ஓடுகின்றன. நாமோ மோட்டாரை நம் பக்கமாக இழுக்கிறோம். மரம் பின்கட்டையில் முட்டி நிற்பதால் அது நகர முடியாது. எனவே, மரத்தைப் பின்னுக்குத் தள்ளும் அதே விசை பிளேடை முன்னுக்கு, அதாவது நம்மை நோக்கி, தள்ளுகிறது. நாம் இழுக்கும் திசையும் பிளேடு தானாக ஓட விரும்பும் திசையும் ஒன்றாகிவிடுகின்றன. அதனால்தான் இந்த இயந்திரத்தில் கையின் வேலை பெரும்பாலும் இழுப்பதாக இராமல், அடக்கிப் பிடிப்பதாக இருக்கிறது.

இந்தப் பாய்ச்சலைக் கூட்டுவதும் குறைப்பதும் ஹூக் கோணம். பிளேடின் மையத்திலிருந்து ஒரு பல்லின் நுனிவரை நேர்கோடு ஒன்று இருப்பதாகக் கொள்ளுங்கள். பல்லின் முகம் அந்தக் கோட்டின் மேலேயே கிடந்தால் கோணம் 0 டிகிரி. நுனி சுழலும் திசையில் முன்னுக்குச் சாய்ந்திருந்தால் நேர்க் கோணம்; பின்னுக்குச் சாய்ந்திருந்தால் எதிர்க் கோணம். டேபிள் ரம்பத்தில் நீளவாக்கில் அறுப்பதற்கென்று செய்யப்படும் 24 பல் பிளேடில் இது பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டி இருக்கும். அத்தகைய பல், மண்வெட்டியைப் போல மரத்துக்குள் இறங்கித் தன்னைத்தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். மரத்தைக் கையால் தள்ளும் இயந்திரத்தில் அது உதவி. இழுத்து அறுக்கும் இயந்திரத்தில் அது ஆபத்து. மோட்டார் வெட்டக்கூடிய வேகத்தைவிடப் பிளேடு வேகமாக மரத்தின் மீது ஏறுகிறது, ஒவ்வொரு பல்லும் தன் சக்திக்கு மேல் மரத்தைக் கவ்வுகிறது, கடைசியில் மோட்டார் திணறி நின்றுவிடுகிறது. நீங்கள் கண்டது இதுதான்.

குறைந்த பல் எண்ணிக்கையும் இதோடு சேர்ந்துகொள்கிறது. 19 மி.மீ. தடிமனுள்ள பலகையை அறுக்கும்போது, 10 அங்குல பிளேடின் முன்விளிம்பில் சுமார் 54 மி.மீ. நீளமுள்ள வளைவு மட்டுமே எந்த நேரத்திலும் மரத்துக்குள் இருக்கும். 24 பல் பிளேடில் பல்லுக்குப் பல் இடைவெளி 33 மி.மீ. ஆகையால், அந்த வளைவில் ஒரு பல்லோ இரண்டு பற்களோதான் வேலை செய்யும். ஒன்று வெளியேறி அடுத்தது நுழையும் ஒவ்வொரு முறையும் மோட்டார் உலுக்கும். 60 பல் பிளேடில் இடைவெளி 13 மி.மீ. சொச்சம், எப்போதும் நான்கு பற்கள் சுமையைப் பகிர்ந்துகொள்ளும், இழுவை சீராக இருக்கும்.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது, 10 அங்குல விட்டமும், 60 பற்களும், –5 டிகிரிக்கும் 0 டிகிரிக்கும் இடைப்பட்ட ஹூக் கோணமும் கொண்ட கார்பைடு முனை பிளேடு. +5 வரை கையாளலாம் என்பவர்கள் உண்டு. பழகிய கைக்கு அது சரியே. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் எதிர்க் கோணத்தையே சொல்வேன். அதை மாட்டிய பிறகு, மோட்டாரை நீங்கள் மெல்ல இழுத்துக்கொண்டு வர வேண்டியிருக்கும்; விட்டால் நின்றுவிடும், தானாக ஓடி வராது. இந்த வேறுபாடு முதல் வெட்டிலேயே கைக்குத் தெரியும். மோட்டாருக்குச் சுமை சற்றுக் கூடும் என்பதும் உண்மை. அதற்கு ஈடாகக் கிடைக்கும் அடக்கம் அதைவிடப் பல மடங்கு மதிப்புள்ளது.

ஒரு வசதி என்னவென்றால், ஸ்லைடிங் மைட்டர் ரம்பத்துக்கென்று விற்கப்படும் பிளேடுகள் பெரும்பாலும் இதே கோணத்தில்தான் வருகின்றன. அந்த இயந்திரத்தில் காரணம் வேறு: அங்கே பிளேடைப் பின்னுக்குத் தள்ளி அறுப்பதால், மேலெழும் பற்கள் மரத்தைத் தூக்கப் பார்க்கும், எதிர்க் கோணம் அதைத் தணிக்கிறது. காரணம் எதுவானாலும் பிளேடு நமக்குப் பொருந்துகிறது. பெட்டியின் மேல் ஹூக் கோணம் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெயர்பெற்ற தயாரிப்பாளர்கள் அதை அச்சிடுவது வழக்கம். அச்சிடப்படாத பிளேடை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், இந்த இயந்திரத்துக்கு வாங்க வேண்டாம்.

கேள்வி: இயந்திரத்தோடு ஒரு மரப்பெட்டி நிறையப் பழைய பிளேடுகள் கிடைத்தன. எழுத்துகள் எல்லாம் அழிந்துவிட்டன. அவற்றின் ஹூக் கோணத்தை எப்படி அறிவது?

பதில்: அடி அளவுகோலும் கூரான பென்சிலும் போதும். பிளேடை வெள்ளைத் தாளின் மேல் படுக்க வைத்து, நடுத்துளையின் வட்டத்தையும் ஒரு பல்லின் உருவத்தையும் வரைந்துகொள்ளுங்கள். பிளேடை எடுத்துவிட்டு வட்டத்தின் மையத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பல்லின் நுனிவரை கோடு இழுங்கள். இப்போது பல்முகத்தின் அடிப்பகுதி அந்தக் கோட்டிலிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளக்க வேண்டும். பல்முகம் 8 மி.மீ. உயரம் என்று கொண்டால், 15 டிகிரி நேர்க் கோணத்தில் அடிப்பகுதி கோட்டுக்குப் பின்னால் 2 மி.மீ.க்குச் சற்று அதிகமாக விலகி நிற்கும். –5 டிகிரியில் கோட்டுக்கு முன்னால் முக்கால் மி.மீ. அளவுக்கு வந்திருக்கும். கண்ணுக்கு நன்றாகவே தெரியும் வேறுபாடு இது. முன், பின் என்று நான் சொல்வது பிளேடு சுழலும் திசையை வைத்துத்தான். அதைக் குழப்பிக்கொண்டால் விடை தலைகீழாகிவிடும்.

அளந்து பார்த்தால், அந்தப் பெட்டியில் உள்ள இரும்பு பிளேடுகளில் பல நேர்க் கோணம் கொண்டவையாகத்தான் இருக்கும். அவை குறுக்கறுப்புக்கு வேண்டாம். நடுப்பகுதி மெலிந்து விளிம்பு தடித்த, பற்களைப் பக்கவாட்டில் வளைக்காத பழைய குறுக்கறுப்பு பிளேடு ஏதேனும் இருந்தால், அதை மட்டும் நல்ல சாணைக்காரரிடம் கொடுத்துப் பாருங்கள். பைன் போன்ற மென்மரத்தில் அது விடும் வழவழப்பான வெட்டு இன்றைய கார்பைடு பிளேடுகள் பலவற்றுக்கும் வராது. பிளைவுட்டில் அதை ஓட்டக் கூடாது. அடுக்குகளுக்கு இடையிலுள்ள பசை, கூரை விரைவில் மழுக்கிவிடும். விரிசல் விட்ட பிளேடு, வெப்பத்தில் நீலம் பாய்ந்த பிளேடு, கார்பைடு முனை ஒன்று உதிர்ந்த பிளேடு ஆகியவற்றைப் பழைய இரும்போடு சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது 1950களைச் சேர்ந்த 9 அங்குல டிவால்ட் நிறுவன ரம்பம். 9 அங்குல பிளேடு இப்போது கடைகளில் அரிதாகவே கிடைக்கிறது. 10 அங்குலம் போடலாமா?

பதில்: போடக் கூடாது. பிளேடைச் சூழ்ந்திருக்கும் காப்பு மூடி 9 அங்குலத்துக்காக வார்க்கப்பட்டது. 10 அங்குல பிளேடு அதற்குள் அடங்காது. மூடியைக் கழற்றிவிட்டு மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது அதைச் சரியாக்கிவிடாது. அந்தச் சிறிய மோட்டாருக்கும் பெரிய பிளேடு கூடுதல் சுமை.

பெரிதாகப் போவதைவிடச் சிறிதாகப் போவதே வழி. ஸ்லைடிங் மைட்டர் ரம்பங்களில் 8½ அங்குலம் ஒரு பழகிய அளவு என்பதால், 5/8 அங்குல நடுத்துளையும் எதிர் ஹூக் கோணமும் 48 அல்லது 60 பற்களும் கொண்ட 8½ அங்குல பிளேடுகள் எளிதில் கிடைக்கும். உங்கள் இயந்திரத்துக்கு அவை அளவெடுத்துச் செய்தவை போலப் பொருந்தும். வெட்டும் ஆழத்தில் கால் அங்குலம் குறையும், அவ்வளவுதான். கட்டுமான வேலைக்கு விற்கப்படும் இரண்டுக்கு நான்கு கட்டையின் உண்மைத் தடிமன் 1½ அங்குலமே என்பதால், அதை அறுக்க இது தாராளமாகப் போதும். மோட்டார் நிமிடத்துக்கு 3450 சுற்று என்று கொண்டால், 9 அங்குல பிளேடின் பல்நுனி வினாடிக்கு 41 மீட்டர் வேகத்தில் ஓடும். 8½ அங்குலத்தில் அது 39 மீட்டர். வெட்டின் தரத்தில் இந்த வித்தியாசம் தெரியாது.

வாங்குமுன் நடுத்துளையை உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டுப் பட்டறைகளுக்கு வந்த 8 முதல் 10 அங்குல ரகங்களில் 5/8 அங்குல ஷாஃப்டே வழக்கம். 12 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள பெரிய ரகங்களில் 1 அங்குல ஷாஃப்ட் சகஜம். பெரிய துளையுள்ள பிளேடு ஒன்றை வாங்கி, கையால் திருகினாலே ஆடுகிற மெல்லிய வளையத்தை உள்ளே செருகிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். பிளேடு மையம் தவறிச் சுழன்றால் ஒரு பக்கத்துப் பற்கள் மட்டுமே வெட்டும். மற்றவை சும்மா சுற்றி வரும்.

கேள்வி: 60 பல், 80 பல், மெல்லிய வெட்டு, முழு வெட்டு, பல்வேறு பல் வடிவங்கள் என்று கடையில் குழப்புகிறார்கள். நான் பெரும்பாலும் மேசை, அலமாரி செய்கிறேன். ஒரே ஒரு பிளேடு வாங்குவதென்றால் எதை வாங்குவது?

பதில்: ஹூக் கோணத்தை உறுதி செய்த பிறகு இந்தக் கேள்விக்கு வருவோம், அதற்கு முன் மற்ற எதற்கும் பொருளில்லை.

திண்ம மரத்தைக் குறுக்கே அறுப்பவருக்கு, பல்லின் மேல்விளிம்பு ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சரிந்திருக்கும் வடிவம் ஏற்றது. சரிந்த நுனிகள் வெட்டின் இரு ஓரங்களிலும் நாரைக் கத்திபோல் முதலில் கீறிவிடுவதால் ஓரம் சிதறாது. மெலமைன் என்ற கடினமான பிளாஸ்டிக் பூச்சு ஒட்டிய பலகையும், மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையும் அதிகம் அறுக்கிறவர், தட்டையான பல்லும் இரு மூலைகளும் மழிக்கப்பட்ட உயரமான பல்லும் மாறி மாறி வரும் வடிவத்தை வாங்கலாம். அந்தக் கடினமான பொருள்களில் அதன் கூர் நீண்ட நாள் நிற்கும். உங்கள் வேலைக்கு முதல் வடிவமே போதும்.

80 பல் பிளேடு மெல்லிய பலகையிலும் பிளைவுட்டிலும் மிக அழகான வெட்டைத் தரும். ஆனால் 2 அங்குலக் கட்டையில் அதன் பல்லிடைப் பள்ளங்கள் மரத்தூளால் நிறைந்துவிடும். இழுவை மந்தமாகும், வெட்டின் பக்கங்கள் கருகும். எல்லா வேலைக்கும் ஒன்று என்றால் 60தான். சட்டம் அடிக்கும் வேலைக்கு 40 போதும் என்று சொல்பவர்களோடு நான் வாதாடமாட்டேன், அதுவும் எதிர்க் கோணம் கொண்டதாக இருந்தால்.

மெல்லிய வெட்டா, முழு வெட்டா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மெல்லிய பிளேடு சுமார் 2.4 மி.மீ. அகலத் தடம் விடும். முழு பிளேடு 3.2 மி.மீ. விடும். எடுக்கும் மரம் நான்கில் ஒரு பங்கு குறைவதால், முக்கால் குதிரைத்திறன், ஒரு குதிரைத்திறன் கொண்ட பழைய மோட்டார்களுக்கு மெல்லிய பிளேடு பெரிய நிம்மதி. ஆனால் அதன் தகடு வளையக்கூடியது. சாய்வு வெட்டில் அது மரத்தின் வழியே விலகிச் செல்லும் வாய்ப்பு அதிகம். ஆகவே மோட்டார் 1½ குதிரைத்திறனோ அதற்கு மேலோ இருந்தால் முழு பிளேடு. குறைவாக இருந்தால் மெல்லிய பிளேடு. மெல்லியதை மாட்டும்போது பிளேடின் வெளிப்பக்கத்தில் அகலமான விறைப்புத் தட்டு ஒன்றைச் சேர்க்கலாம். உள்பக்கத்தில் சேர்த்தால் பிளேடு தன் இடத்திலிருந்து நகர்ந்துவிடும். மேசையில் ஏற்கெனவே விழுந்திருக்கும் வெட்டுத் தடத்தோடும் அளவுகோலோடும் ஒத்துப்போகாது. தட்டு பெரிதாகப் பெரிதாக வெட்டும் ஆழமும் குறையும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி: இதே இயந்திரத்தில் மோட்டாரைத் திருப்பி வைத்துப் பலகையை நீளவாக்கிலும் அறுக்கலாம் என்று கையேட்டில் இருக்கிறது. அதற்கு வேறு பிளேடு வேண்டுமா?

பதில்: இயந்திரம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் வீட்டில் டேபிள் ரம்பமோ பேண்ட் ரம்பமோ இருந்தால் நீளறுப்பை அதில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. வேறு வழியில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

நீளறுப்பில் பிளேடு நகராது; மரத்தை நாம் தள்ளுகிறோம், பிளேடின் சுழற்சிக்கு எதிராக. பிளேடு மேலே இருப்பதால், உள்ளே நுழையும் மரத்தை அதன் பற்கள் மேல்நோக்கித் தூக்கப் பார்க்கும். நேர்க் கோணம் அதிகமுள்ள நீளறுப்பு பிளேடு இங்கேயும் தொல்லைதான். தூக்கும் விசையை அது கூட்டும். 24 முதல் 40 பற்கள், கோணம் 0 முதல் 5 டிகிரிவரை என்பது ஏற்றுக்கொள்ளத்தக்க எல்லை. குறுக்கறுப்புக்கான 60 பல் பிளேடாலும் மெல்லிய பலகையை மெதுவாக நீளவாக்கில் அறுத்துவிடலாம். தடித்த மரத்தில் அது கருக்கும்.

காப்பு மூடியின் முன்விளிம்பை மரத்தின் மேல் தொட்டும் தொடாமலும் இறக்கி வைக்க வேண்டும். மரம் எகிறுவதைத் தடுக்கும் கூரிய நகங்களை மரத்தின் மேல் உரசும்படி இறக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தப் பக்கத்திலிருந்து மரத்தை நுழைப்பது என்பதில் ஐயமே இருக்கக் கூடாது. தவறான பக்கத்திலிருந்து நுழைத்தால், பிளேடு மரத்தைப் பிடுங்கி மறுபக்கம் எறியும். மரத்தைப் பிடித்திருந்த கையும் அதோடு இழுபடும். அமெரிக்காவின் தொழிலகப் பாதுகாப்பு விதிகள், சுழலும் திசையைக் காப்பு மூடியில் குறிப்பிட வேண்டும் என்றும், தவறான பக்கத்தில் ‘இந்தப் பக்கத்திலிருந்து நீளறுப்புச் செய்யக் கூடாது’ என்ற எச்சரிக்கையை நிரந்தரமாக ஒட்ட வேண்டும் என்றும் கட்டாயப்படுத்துவது இதனால்தான். பழைய இயந்திரங்களில் அந்த எழுத்து உரிந்துபோயிருக்கும். சிவப்புப் பெயின்டில் நீங்களே எழுதி வையுங்கள்.

கேள்வி: பள்ளம் எடுக்கும் டேடோ பிளேடு தொகுதியை இதில் மாட்டலாமா?

பதில்: மாட்டலாம். கோடு கண்முன்னே தெரிய, பலகையின் குறுக்கே பள்ளம் எடுப்பது இந்த இயந்திரம் சிறப்பாகச் செய்யும் வேலைகளில் ஒன்று. ஆனால் அகலமான வெட்டில் பாய்ச்சலும் அகலமாகிறது. ஹூக் கோணம் குறைந்த தொகுதியையே தேர்ந்தெடுங்கள். 9 அங்குல இயந்திரத்துக்கு 6 அங்குலத் தொகுதி போதும். ஆழமான பள்ளத்தை ஒரே இழுப்பில் எடுக்காமல், இரண்டு மூன்று முறையாக இறக்கி எடுங்கள். ஷாஃப்டில் எல்லாத் தகடுகளையும் அடுக்கிய பிறகும் நட் முழு மரையிலும் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் ஒரு தகட்டைக் குறையுங்கள். ஒற்றை பிளேடைக் கோணலாக மாட்டி ஆடவிட்டுப் பள்ளம் எடுக்கும் பழைய வகையை நான் பரிந்துரைக்கவில்லை. பள்ளத்தின் அடி தட்டையாக வராது.

கேள்வி: நீங்கள் சொல்லும் வகையில், நல்ல விலை கொடுத்து, 60 பல் எதிர்க் கோண பிளேடு வாங்கி மாட்டினேன். பாய்ச்சல் நின்றுவிட்டது. ஆனால் வெட்டின் ஒரு பக்கம் கருகுகிறது. வலப்பக்கத்தில் நார் பெயர்ந்து வருகிறது. பிளேடு மோசமா?

பதில்: பிளேடைக் குறை சொல்லுமுன் இயந்திரத்தைச் சோதியுங்கள். வெட்டின் ஒரே பக்கம் கருகுவதும் பெயர்வதும், பிளேடு தான் ஓடும் பாதைக்கு இணையாக இல்லை என்பதன் அடையாளம். முன்பற்கள் வெட்டிச் சென்ற தடத்தில் பின்பற்கள் சற்று விலகி வந்து, ஏற்கெனவே முடிந்த வெட்டை மீண்டும் உரசுகின்றன. எத்தனை விலையுள்ள பிளேடும் இதைச் சரிசெய்யாது.

மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பின்கட்டையில் அணைத்து வைத்த மூலைமட்டத்தின் விளிம்பைப் பிளேடின் தகட்டில், பற்களுக்கு நடுவே, ஒட்டிப் பாருங்கள். பிளேடின் முன்பகுதியும் பின்பகுதியும் ஒருசேரத் தொட வேண்டும். ஒரு பக்கம் வெளிச்சம் தெரிந்தால், மோட்டாரைத் தாங்கும் கவையின் திருகுகளைத் தளர்த்தி இணையாக்க வேண்டும். எந்தத் திருகு என்பதைக் கையேடு காட்டும். பழைய கையேடுகளின் படிகள் இணையத்தில் கிடைக்கின்றன. மோட்டார் ஓடும் பாதை பின்கட்டைக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்பது தனிச் சோதனை. அதைப் பிளேடின் ஒரே பல்லை மூலைமட்டத்தின் விளிம்பில் உரசவிட்டு, மோட்டாரை முழு நீளமும் இழுத்துப் பார்த்து அறியலாம். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைத் திருகுவது அடிக்கடி நடக்கிறது.

அடுத்து, பிளேடை இறுக்கும் பிளாஞ்சுகள். அவற்றின் குழிந்த பக்கம் பிளேடைப் பார்த்திருக்க வேண்டும். விளிம்பு வளையம் மட்டுமே பிளேடில் பதிய வேண்டும். அங்கே ஒட்டிய பிசின், துரு, சின்னஞ்சிறு பிசிறு எதுவும் பிளேடின் விளிம்பில் பெருகித் தெரியும். 2 அங்குல விட்டமுள்ள பிளாஞ்சின் ஓரத்தில் 2 தவு கோணல் இருந்தால், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு, 10 அங்குல பிளேடின் ஓரத்தில் அது 10 தவு ஆகிவிடும். வெட்டு அகலமாகும், பல்தடங்கள் வரிவரியாகத் தெரியும். மென்மையான எண்ணெய்க் கல்லில் பிளாஞ்சைத் தேய்த்துத் தட்டையாக்கிய பிறகு, பழைய பிளேடே புதியது போல வெட்டுவதுண்டு.

மேசையின் மேல் பரப்பும் பின்கட்டையும் தேய்ந்திருந்தால், அடிப்பக்க நாருக்குத் தாங்கல் கிடைக்காது. கால் அங்குல எம்.டி.எஃப். பலகை ஒன்றை மேசையின் மேல் பொருத்தி, பிளேடு அதில் 1.5 மி.மீ. மட்டும் இறங்கும்படி புதிய தடம் போட்டுக்கொண்டால், நார் பெயர்வது பெருமளவு நின்றுவிடும்.

கேள்வி: என்னிடம் இருப்பது 1970களில் வந்த கிராஃப்ட்ஸ்மேன் என்ற பெயருள்ள ரேடியல் ஆர்ம் ரம்பம். அதன் காப்பு மூடியைத் திரும்பப் பெறும் அறிவிப்பு ஒன்று வந்ததாமே? பிளேடு வாங்குவதோடு அதையும் கவனிக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம். 1958 முதல் 1992 வரை சியர்ஸ் கடைகளில் விற்ற, எமர்சன் தயாரித்த, 8 முதல் 10 அங்குல கிராஃப்ட்ஸ்மேன் ரகங்களுக்கு, பிளேடை முழுவதும் மூடும் காப்பு இல்லை என்ற காரணத்தால், 2000ஆம் ஆண்டில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமும் எமர்சனும் சேர்ந்து அறிவிப்பு வெளியிட்டன. சுமார் 37 லட்சம் இயந்திரங்கள் அதில் அடங்கும். உங்கள் இயந்திரத்தின் மாதிரி எண் 113 என்று தொடங்கினால், அது அந்தப் பட்டியலைச் சேர்ந்ததா என்று ஆணையத்தின் பதிவில் தேடிப் பாருங்கள். வாங்கிய இயந்திரத்தில் புதிய காப்பு ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்தால், அதற்குள் பிளேடு தடையின்றிச் சுழல்கிறதா என்று கையால் சுற்றிப் பார்த்த பிறகே மின்சாரம் கொடுங்கள்.

கேள்வி: பழைய பிளேடைக் கழற்றவே முடியவில்லை. நட் அசைய மறுக்கிறது. எந்தப் பக்கம் திருக வேண்டும்?

பதில்: மின்இணைப்பைப் பிடுங்குங்கள். காப்பு மூடியில் உள்ள அம்புக்குறியைப் பார்த்து, பிளேடு சுழலும் திசையை அறிந்துகொள்ளுங்கள். ஓட ஓட இறுகும்படி நட் அமைக்கப்பட்டிருப்பதால், பிளேடு சுழலும் அதே திசையில் திருகினால் அது கழலும். ஷாஃப்டின் முனையில் அறுகோணத் துளையோ, மோட்டாரின் பக்கமாகத் தட்டையான பகுதியோ இருந்தால், ஷாஃப்டை அங்கே சாவியால் பிடித்துக்கொண்டு திருகுங்கள். பிளேடின் பல்லுக்கிடையே கட்டையைச் செருகிப் பிடிப்பது கார்பைடு முனைகளை உடைத்துவிடும். துரு பிடித்திருந்தால் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

புதிய பிளேடை மாட்டும்போது, அடிப்பக்கப் பற்கள் பின்கட்டையை நோக்கிப் பார்த்திருக்க வேண்டும். நட்டை அளவாக இறுக்கினால் போதும். மிகையாக இறுக்கினால் மெல்லிய பிளேடு கிண்ணம்போல் வளையும். பிறகு இயந்திரத்தின் கை சற்றே பின்னுக்குச் சரிந்திருக்கிறதா என்று பாருங்கள்: முன்முனை பின்முனையைவிடச் சிறிது உயரமாக இருந்து, கைப்பிடியை விட்டதும் மோட்டார் மெல்லப் பின்கட்டைக்குப் பின்னால் திரும்பிச் செல்ல வேண்டும் என்பது அமெரிக்கப் பாதுகாப்பு விதியிலேயே உள்ளது. முதல் வெட்டை மென்மரத் துண்டு ஒன்றில் போடுங்கள். மணிக்கட்டை மடக்காமல் கையை நேராக நீட்டிப் பிடித்து, மற்றொரு கையைப் பிளேடின் பாதையிலிருந்து குறைந்தது 6 அங்குலம் தள்ளி வைத்து, மெதுவாக இழுங்கள்.